தோட்டப்புறத்துக் கைமருந்தும் நம் கடைச் சரக்கும்



மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் நாட்டு மருந்துச் சரக்கும் சேர்த்தே விற்கிறோம். ஒரு டப்பாவில் சுக்கும் மிளகும் இருந்தால், பக்கத்து டப்பாவில் வசம்பும் கடுக்காயும் இருக்கும். கறிக்குக் கேட்பவருக்கும் கைமருந்துக்குக் கேட்பவருக்கும் ஒரே தராசில்தான் நிறுத்துக் கொடுக்கிறோம். கறியில் ஒரு சரக்கு மாறினால் சுவை கெடும். மருந்தில் மாறினால் உடல் கெடும். இந்த வேற்றுமையை நாம் எந்த அளவுக்கு எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இப்பாடம் அதைப் பற்றியதே.

முதலில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம் கடைக்கு ஒரு மூதாட்டி வந்தார். தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர். "தம்பி, கீழாநெல்லி இருக்கா?" என்று கேட்டார். பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறிப் பார்த்தார். "காய் எங்கே தம்பி? இலைக்குக் கீழே வரிசையாக் காய் இருக்கணும். அதனாலதானே அதுக்குக் கீழாநெல்லின்னு பேரு! இது வேற என்னமோ செடி" என்று திருப்பித் தந்தார். அந்தப் பொட்டலத்தைப் பல மாதங்களாக நாம் விற்று வந்தோம். மேலுறையில் அச்சிட்டிருந்த பெயரைத் தவிர அதைப் பற்றி நமக்கு வேறொன்றும் தெரியாது.

வெட்கத்தை மறைத்துக்கொண்டு, "யாருக்குப் பாட்டி?" என்று கேட்டோம். "பேத்தி புள்ளைக்குத் தம்பி. பொறந்து எட்டு நாளாச்சு. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு" என்றார். அப்போதுதான் நமக்கு அச்சம் பிறந்தது. அசல் கீழாநெல்லியே இருந்திருந்தாலும், எட்டு நாள் குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பார்த்துக் காலம் கழிப்பது ஆபத்து. "இன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் பாட்டி" என்று சொல்லி, வண்டிக்கும் ஏற்பாடு செய்தோம். குழந்தை சில நாள் நீல விளக்கின் கீழ் கிடந்து, நலமாக வீடு திரும்பியது.

அன்று இரவு கடை அடைத்த பின் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அம்மூதாட்டிக்குச் செடி தெரிந்திருந்தது. பச்சைக் குழந்தையின் மஞ்சள் நோய் மூளையைத் தாக்கக் கூடியது என்பது தெரியவில்லை. நமக்கோ அந்த நோயைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டது நினைவிருந்தது. விற்கும் செடி இன்னதென்று தெரியவில்லை. இருவரும் வாய் திறந்து பேசியதால் ஒரு பிள்ளை பிழைத்தது. பேசாமல் காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1. இம்மருந்துகள் இங்கு வந்த வழி

புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிய நிலம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோட்டமாயிற்று. ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே, 1917ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். வெள்ளைக்காரர் ஏட்டிலும் தமிழ்ப் பெயரே ஏறியிருக்கிறதென்றால், அங்கே மண்ணைக் கொத்தியவர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்நாளில் தோட்டப்புறத்தின் பெரும் பகை மலேரியாக் காய்ச்சல். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நீரை வடியவைத்துக் கொசுவை ஒழிக்க முயன்றார் என்பது மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் கொயினா கொடுப்பார். அந்தக் கொயினாவும் தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்ததே. ஆனால் ஆஸ்பத்திரி எல்லா லயத்துக்கும் பக்கத்தில் இருந்ததில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. எனவே இருமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் சிரங்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் லயத்துப் பெண்களின் கைமருந்தே முதல் மருந்தாக இருந்தது.

கூலித் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டு நிறுத்தியது. அதுவரை வந்தவர்கள் விதையும் கிழங்கும் கொண்டு வந்தனர். இங்கே விளையாதவற்றை நம் முன்னோர்கள் கப்பலில் வரவழைத்தனர். 1926ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை நம் குடும்பத்துப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் ஆட்களோடு அது மூட்டைகளையும் கொண்டு வந்தது. ஆகவே தோட்டத்துக் கைமருந்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு: ஒன்று லயத்து வேலியோரம், மற்றொன்று நம் கடை.

2. வேலியோரத்து மருந்துகள்

லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாமல் இருப்பது அரிது. வாசற்பக்கம் வேம்பு, அம்மை கண்ட வீட்டில் அதன் கொத்தைச் செருகுவார்கள். குழந்தைகளின் சளிக்குக் கற்பூரவல்லி. அதன் தடித்த இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிவார்கள். பெரியவர்களின் சளிக்கு ஆடாதொடையும் தூதுவளையும். தலைபாரத்துக்கு நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்பார்கள். அதே இலையை மாலையில் புகைத்தால் கொசு அண்டாது. சிரங்குக்குக் குப்பைமேனியை உப்புடன் அரைத்துப் பூசுவார்கள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. தலைமுடிக்குக் கரிசலாங்கண்ணிச் சாறு விட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கால்வாய் ஓரத்தில் படர்ந்திருக்கும் வல்லாரையைத் துவையல் அரைப்பார்கள்.

இவற்றுட் பல மலாய்க் கம்பத்திலும் வழங்குபவையே. வல்லாரை அங்கே பெகாகா. பச்சையாகவே சோற்றுடன் உண்பார்கள். கீழாநெல்லிக்கு டுக்கோங் ஆனாக் என்று பெயர். பிள்ளையைச் சுமப்பது என்பது பொருள். காய்களை இலைக்கடியில் சுமந்து நிற்பதை அவர்களும் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள்! குப்பைமேனியின் வேரைக் கண்டால் பூனைகள் மயங்கிப் புரளும். ஆதலால் அதற்குக் கூச்சிங் காலாக் என்று பூனைப் பெயர். முருங்கையை மெருங்கை என்றும், கறிவேப்பிலையைக் காருபுலை என்றும் அவர்கள் சொல்வதைக் கேட்டால், அச்செடிகளோடு சொற்களும் நம்மிடமிருந்து சென்றன என்பது விளங்கும். நொச்சியின் இனமான லெமுனி இலைச் சாற்றில் கெடா மாநிலத்தார் சோறு சமைக்கிறார்கள்.

மலாய்க் கம்பத்து மருந்துகளைத் தாவரவியலறிஞர் பர்க்கிலும் பினாங்கைச் சேர்ந்த முகம்மது ஹனீஃபும் ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்து 1930ல் வெளியிட்டனர். எந்த ஊரில் எந்தச் செடியை எந்த நோய்க்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கிறது. தோட்டத்து மூதாட்டிகளின் மருந்துக்கும் அத்தகைய ஏடு வேண்டும். ஏனெனில் அவர்கள் எழுதி வைத்தவர்களல்லர். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, கையால் பறித்துக் காட்டி, முகர வைத்து, இடித்துக் காட்டிக் கொடுத்த கல்வி அது.

அக்கல்வியில் மூன்று பகுதிகள் இருந்தன. செடியை ஐயமறக் கண்டறிவது முதற்பகுதி. பக்குவமும் அளவும் இரண்டாவது. பெரியவர்களுக்கு ஒரு பிடி, பிள்ளைக்குத் திரிகடி. எப்போது நிறுத்த வேண்டும் என்பது மூன்றாவது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை அவர்கள் சட்டமாகவே கடைப்பிடித்தனர். மூன்று நாளில் தீராவிட்டால் டிரெஸரிடம் போக வேண்டும். இன்று பொட்டலத்தில் வருவது வெறும் இலை. இம்மூன்று பகுதிகளில் ஒன்றும் அதனுள் இல்லை.

3. கடல் கடந்து வரும் சரக்குகள்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்து கட்டிக் கொடுப்பது நம் கடைகளின் பழைய வழக்கம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம், சித்தரத்தை ஆகியவற்றை நிறுத்துப் போட்டு, பனங்கருப்பட்டியும் நல்லெண்ணெயும் பூண்டும் சேர்த்துக் கொடுப்போம். வீட்டில் இடித்துக் கிண்டி உருட்டி வைப்பார்கள்.

குழந்தைக்கு உரைமருந்து வேறு. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இரண்டு மூன்று இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டுவது வழக்கம். இவற்றுள் மாசிக்காய் உண்மையில் காயே அன்று. மேற்காசியாவின் ஒருவகைக் கருவாலி மரத்தில் சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் வீக்கம் அது. நம் நாட்டிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. துருக்கி, ஈரான் பக்கத்திலிருந்து வரவேண்டும். மலாய்ப் பெண்கள் மஞ்சகானி என்று கேட்பது இதையே. வசம்புக்கு மலாயில் ஜெராங்காவ். தமிழில் அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் வேறு பெயர்கள் உண்டு. நம் பழைய கடைக்காரர்கள் விளக்கு வைத்த பின் வசம்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெந்தயத்தை ஹல்பா என்று கேட்பவர்கள் அரபுச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

கருஞ்சீரகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நபிமொழியால் சிறப்புப் பெற்ற சரக்கு அது. அதன் சிறப்பை நாம் மதிக்கிறோம். மதிப்பதனாலேயே, அந்தப் புனித மொழியை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு இதை உண்ணச் சொல்வது நமக்குத் தகாது.

4. பெயர் ஒன்று, பொருள் வேறு

இப்பாடத்தில் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இது.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். அப்பெயரில் வழங்குபவை ஒன்றுக்கொன்று உறவான பல செடிகள். ஒன்று பச்சைத் தண்டும், வழவழப்பான காயும், அக்காய்க்குச் சிறு காம்பும் உடையது. மற்றொன்று சிவந்த தண்டும், சொரசொரத்த காம்பற்ற காயும் உடையது. பச்சையாக இருக்கும்போது இவ்வடையாளங்களைக் கண்ணாலேயே காணலாம். காய்ந்து நொறுங்கிப் பொட்டலத்தில் வந்தபின் வல்லவர்க்கும் கடினம். பொடியாகிவிட்டாலோ எவராலும் கண்ணால் சொல்ல முடியாது.

இதனால் நேரும் குழப்பத்துக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் துணைவர்களும் கீழாநெல்லியைக் கல்லீரல் அழற்சி பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கொடுத்துச் சோதித்து, 1988ஆம் ஆண்டு லான்செட் இதழில் முடிவை வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் வேறு நாடுகளில் திரும்பச் செய்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. செடியின் இனம் வேறோ, விளைந்த மண் வேறோ, பறித்த பருவம் வேறோ என்ற கேள்வி எழுந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கே செடியின் அடையாளம் இத்துணை முக்கியமானால், தராசு பிடிக்கும் நமக்கு அது எத்துணை முக்கியம்!

இன்னும் சில:

பிரமி என்று வடநாட்டு வியாபாரியிடம் கேட்டால் வல்லாரையும் வரலாம், நீர்ப்பிரமியும் வரலாம். இரண்டும் வெவ்வேறு செடிகள்.

சித்தரத்தை வேறு, பேரரத்தை வேறு. பேரரத்தை நம் மலாய்ச் சகோதரர்கள் கறிக்குப் போடும் லெங்குவாஸ். விலை குறைவு என்று ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுவது வழக்கமாகிவிட்டது.

நிலவேம்பு இங்கே ஹெம்பெடு பூமி, அதாவது நிலத்துப் பித்தம். வடநாட்டில் கசப்புக்குப் பேர்போன சிராயதா என்ற மலைச்செடி வேறு. தமிழில் அதையும் நிலவேம்பு என்று எழுதுவோர் உண்டு.

அதிமதுரத்தில் குன்றிமணிக் கொடியின் வேரைக் கலப்பதுண்டு. பொற்கொல்லர் நிறைக்கு வைத்திருந்த அந்தச் சிவப்புக் குன்றிமணியின் விதை கொடிய நஞ்சு. அசல் அதிமதுரமும் அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் நஞ்சுண்டு என்றால் நம்புவோமா? அதைப்போலவே இருக்கும் ஜப்பானியப் பூ ஒன்று நஞ்சுடையது. 2001ஆம் ஆண்டு நெதர்லாந்தில் அது கலந்த மூலிகைத் தேயிலையைக் குடித்தவர்களுக்கு வலிப்புக் கண்டது. விற்றவர்கள் அறிந்து செய்தார்களில்லை. சரக்கை ஆராயாமல் வாங்கினார்கள்.

5. பிறநாட்டார் கண்டது

நிற்க. இந்த நிலைமை நமக்கு மட்டும் உரியதன்று. எத்தியோப்பியா நாட்டில் ஒரோமோ என்னும் பெரும் மக்கட் கூட்டத்தார் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் ஜிம்மா வட்டாரம் காப்பிக்குப் பேர்போனது. அந்நாட்டுக் கிராமங்களில் வயிற்றுப் புழுவுக்குக் கொசோ என்னும் மரத்தின் பூவை அரைத்துக் கொடுப்பார்கள். அளவு மிஞ்சினால் உயிருக்கே கேடு. ஆதலால் அளவறிந்தவரே கொடுப்பர். நாம் அருவதா என்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் இலையின் இனமான செடியொன்றை அந்நாட்டார் காப்பியில் நனைத்துக் குடிக்கின்றனர். அதற்கு அங்கே ஆதமின் நலம் என்று பொருள்படும் பெயர். மருத்துவம் அறிந்த ஒரோமோப் பெரியவர்கள் தம் அறிவைத் தம் நம்பிக்கைக்குரிய ஒரு பிள்ளைக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லிச் செல்வது வழக்கம். காடு அழிந்து, பிள்ளைகளும் பட்டணம் போய்விட்டால் அந்த அறிவு மண்ணோடு போகும். ஆகையால் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராகச் சென்று எழுதி எடுத்து வருகின்றனர்.

எழுதி வைத்ததால் உலகுக்கே நன்மை விளைந்ததும் உண்டு. சீனத்துப் பழைய மருத்துவ ஏட்டில் காய்ச்சலுக்குச் சொல்லியிருந்த ஒரு செடியை அறிவியல் முறையில் ஆராய்ந்து, மலேரியாவுக்கு மருந்து கண்டார் தூ யூயூ என்னும் அம்மையார். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் சிலாங்கூரிலும் ஒரு சான்று உண்டு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் டெங்கிக் காய்ச்சல் கண்ட 228 பேரை வைத்து ஆராய்ந்து, பப்பாளி இலைச்சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாக ஏறியதாக 2013ல் வெளியிட்டனர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவர்கள் மருத்துவமனைக் கட்டிலில், டாக்டர் கண்காணிப்பில் இருந்துகொண்டு அதைக் குடித்தார்கள். அதே செய்தியைக் கேட்டு வீட்டிலேயே சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். தமிழ்நாட்டில் 2012ல் டெங்கி பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. மருத்துவமனையையும் திறந்தே வைத்திருந்தது.

6. எங்கே நிறுத்த வேண்டும்

மூதாட்டிகள் அறிந்திருந்ததில் பல உண்மை. அவர்கள் அறிய வழியில்லாதவையும் சில உண்டு. அவற்றை நாம் அறிந்து சொல்வது கடமை.

பிறந்த குழந்தையின் மஞ்சள் நோய்க்கு எந்தக் கைமருந்தும் கொடுக்கலாகாது. ஜி-6-பி-டி என்னும் இரத்தக் குறைபாடு சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே இருக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். அக்குறையுள்ளவர்கள் சில பொருள்களைத் தொட்டாலோ உண்டாலோ இரத்த அணுக்கள் சிதையும். துணிக்குள் போடும் அந்துருண்டை அவற்றுள் ஒன்று. அதுவும் நம் கடையில்தான் இருக்கிறது! குப்பைமேனிச் சாறு உண்ட இத்தகையோருக்கு இரத்தம் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். மரமஞ்சளில் உள்ள பெர்பரின் என்னும் பொருளைக் குழந்தைகளின் மஞ்சள் நோய்க்கு அஞ்சிச் சிங்கப்பூர் அரசாங்கம் 1978ல் தடை செய்தது. பிற்காலத்தில் ஆராய்ந்து தளர்த்தியது. ஆயினும் பச்சைக் குழந்தையிடத்தில் நாம் எச்சரிக்கையாக இருப்பதே நலம்.

வசம்பில் அசரோன் என்னும் பொருள் இருப்பதால் உணவில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968ல் தடுத்துவிட்டது. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க என்று கேட்டால், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுமாறு சொல்வோம். கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலப்பது வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அவ்வயதில் நரம்பைத் தாக்கும்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள். வெந்தயம், பாகல், சிறுகுறிஞ்சான் ஆகியவை சர்க்கரையைத் தணிக்கக் கூடியவை. ஆங்கில மருந்தும் உண்டு இவற்றையும் மிகுதியாக உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தை விட்டுவிட்டு இவற்றை மட்டும் நம்பினால் சிறுநீரகமும் கண்ணும் பழுதாகும். இரண்டும் நாம் கண்ட துன்பங்களே.

செம்பனை வரிசையில் முளைத்த செடியைப் பறிக்கலாகாது. களைக்கொல்லி தெளிக்கும் நிலம் அது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் களைக்கொல்லி தெளிப்பது நின்றுவிடவில்லை.

7. நாம் செய்ய வேண்டியவை

(1) கொள்முதல் செய்யும்போது பொடியைத் தவிர்த்து, இலை காய் வேர் முழுதாக உள்ள சரக்கையே கேட்டு வாங்குவோம். கண்ணால் அடையாளம் காண முடிவதே சரக்கின் முதல் நம்பகம்.

(2) ஒவ்வொரு டப்பாவிலும் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், தாவர நூற்பெயர், வாங்கிய தேதி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுவோம். பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலக்க விடமாட்டோம்.

(3) மருந்துக்கென்று கேட்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்போம்: யாருக்கு? எத்தனை நாளாக? பச்சைக் குழந்தை, கர்ப்பவதி, சிறுநீரக நோயாளி என்றால் முதலில் மருத்துவமனைக்குப் போகச் சொல்வோம். ஒரு வெள்ளி வியாபாரம் போனால் போகட்டும்.

(4) உருண்டையாகவும் குளிகையாகவும் அடைத்து வரும் மருந்தானால், எம்.ஏ.எல். என்று தொடங்கி 'டி' என்று முடியும் அரசாங்கப் பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்போம். பதிவில்லாத மூட்டுவலி உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றனர். உண்டவுடன் வலி பறந்தால் வியக்க வேண்டாம், ஐயுற வேண்டும்.

(5) நீரிழிவு தீரும், புற்றுநோய் தீரும் என்று பலகை மாட்டுவதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பொய் சொல்லி நிறுப்பது நமக்கு ஆகுமோ?

(6) இவையனைத்திலும் அவசரமானது இதுவே. நம் கடைக்கு வரும் தோட்டத்து மூதாட்டிகளிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செடியின் பெயர், அடையாளம், எதற்குக் கொடுப்பார்கள், எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எத்தனை நாளில் நிறுத்துவார்கள் ஆகிய ஆறையும் எழுதுவோம். முடிந்தால் ஒரு கிளையைத் தாளிடையே வைத்து உலர்த்தி ஒட்டுவோம். பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கட்டும். சொன்னவரின் விருப்பத்தைக் கேட்டு, அவர் பெயரையும் குறித்து வைப்பது நன்றியறிதல்.

ஏன் அவசரம் என்கிறோம்? கித்தா மரங்கள் வெட்டுண்டு செம்பனையாயின. பல இடங்களில் செம்பனையும் வெட்டுண்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயங்கள் இடிபட்டுத் தொழிலாளர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகின்றனர். நாலாவது மாடியில் பூச்சட்டியில் துளசியும் கற்பூரவல்லியும் வளரும். நொச்சி வேலி வளருமா? செடி போனால் அதைக் காட்டிச் சொல்லும் கையும் ஓய்ந்துவிடுகிறது. பேத்திகளோ செடியை அறியாமல், பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நம் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் நம்பி வாங்குவது பொட்டலத்தை அன்று, நம் சொல்லை.

அம்மூதாட்டி மறுபடியும் ஒருநாள் கடைக்கு வந்தார். குழந்தை தவழ்கிறது என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு பச்சைச் செடியை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தார். "இதுதான் தம்பி கீழாநெல்லி. இனிமே யாரு கேட்டாலும் இதைப் பார்த்துட்டுக் கொடு" என்றார். அதை ஒரு தாளில் ஒட்டி இன்னும் வைத்திருக்கிறோம். நிறம் பழுத்துவிட்டது, காய்கள் இலைக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே டப்பாவில் கொட்டுகிறோம்.